தொழிற்சாலை மதிலோரத்துப் பூக்கள்

ஒரகடம் கூட்டுச்சாலையில் பேருந்துக்காக எத்தனையோ முறை காத்து நின்றிருப்பீர்கள். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் குறுக்கிடும் இடம் அது. கொள்கலன் லாரிகள் இரைந்து செல்லும் அவ்விடத்தில், காலடியில் மலர்ந்திருக்கும் தும்பைப் பூவை நோக்குவார் யார்?

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்திலும் ஒரு பெரிய கார்த் தொழிற்சாலை எழுந்தது. அதற்கு முன் இவ்வட்டாரம் ஏரிப்பாசன வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் புதர்க்காடுகளுமாக இருந்தது. நம் பிள்ளைகள் பலருக்கு இத்தொழிற்சாலைகள் வேலை தந்தன. அதைக் குறை கூற நான் வரவில்லை. ஆயினும் அந்நிலத்தின் பழைய குடிகளாகிய செடிகள் இன்று மதிலுக்கும் சாலைக்கும் நடுவேயும், ஏரிக்கரைகளிலும், கட்டடம் எழாத வெற்றிடங்களிலும் ஒதுங்கி வாழ்கின்றன. அவற்றைக் கண்டு, படமெடுத்து, பெயரறிந்து வைப்பதற்கு ஒரு விடுமுறைக் காலையைக் குடும்பத்தோடு ஒதுக்கிப் பாருங்களேன்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் வரும் வாரங்களே இதற்கு ஏற்றவை. சுப்ஹு தொழுதுவிட்டுப் புறப்படுங்கள். விஷ்ணுகிரந்தியின் நீலப் பூவைக் காண விரும்பினால் தாமதிக்கலாகாது. சட்டைப் பொத்தானை விடச் சிறிய அப்பூ வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். நெருஞ்சியின் மஞ்சள் பூ சூரியனை நோக்கியே முகம் காட்டும். இதனைச் சங்கப் புலவர்களே கண்டு பாடியிருக்கிறார்கள். வறண்ட மேட்டில் ஆவாரை பொன்னாய்ப் பூத்திருக்கும். ஏரியோரச் சேற்றில் நீர்முள்ளி ஊதா நிறத்தில் நிற்கும். முள்ளுண்டு, கை வைக்காதீர்கள். புதர் வேலியில் செங்காந்தளைக் காண வேண்டுமெனில் மழை முடியும்வரை காத்திராமல் முன்னரே வாருங்கள். நம் மாநில மலராகிய அதன் அழகில் மயங்கிப் பிள்ளைகள் பறித்துவிடக் கூடாது. அச்செடி முழுவதும் நஞ்சு. கிழங்கோ உயிரையே போக்கவல்லது.

கண்ணில் படுவன யாவும் இம்மண்ணுக்கு உரியவை என எண்ணிவிடாதீர்கள். வெட்டுக்காயத்திற்கு நாம் கசக்கித் தேய்க்கும் மூக்குத்திப்பூச் செடியும், உண்ணிச்செடியும், பார்த்தீனியமும், ஏரிகளை அடைத்துக்கொண்ட சீமைக்கருவேலமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. ஒரு வெற்றிடம் பச்சையாகத் தோன்றுவதால் மட்டும் பழைய செடிகள் அங்கே பிழைத்திருக்கின்றன என்று சொல்லிவிட முடியாது.

படமெடுப்பதில் நான் செய்த பிழையைச் சொல்கிறேன். வல்லம் பக்கம் ஒரு வெற்றிடத்தில், இளஞ்சிவப்பில் சிறு பூவொன்றைக் கண்டேன். பூவை மட்டும் மிக நெருங்கிப் படமெடுத்துக்கொண்டு பெருமிதத்தோடு திரும்பினேன். செடியியல் பயின்ற நண்பரிடம் காட்டியபோது, “இலை எங்கே? தண்டு எங்கே?” என்றார். மறுவாரம் சென்றேன். நிலம் முழுவதும் செம்மண் கொட்டிச் சமன் செய்யப்பட்டிருந்தது.

ஆகவே ஒரு செடிக்கு நான்கு படங்களேனும் எடுங்கள். முழுச் செடி, தண்டில் இலைகள் அமைந்த விதம், பூவின் முகம், பூவின் பின்புறம். காய் இருப்பின் அதுவும் வேண்டும். நின்றபடி குனிந்து எடுக்காமல், பூவின் உயரத்திற்கு அமர்ந்து எடுங்கள். வெயில் கடுமையானால் குடை பிடித்து நிழல் செய்யுங்கள். அளவு விளங்க அருகில் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். கைப்பேசியே போதும், விலையுயர்ந்த கருவி தேவையில்லை. தேதியையும் இடத்தையும் அன்றே எழுதிவிடுங்கள், செடியைப் பிடுங்காதீர்கள். ஆலை வாயில்களின் பக்கம் படக்கருவியைத் திருப்பினால் காவலாளி ஓடிவருவார் என்பதையும் அனுபவத்தில் சொல்கிறேன்!

பெயர் தெரியாவிட்டால் முதலில் வீட்டிலுள்ள நன்னியிடம் காட்டுங்கள். வியக்காதீர்கள்; 1690-களில் புனித ஜார்ஜ் கோட்டையின் மருத்துவர் சாமுவேல் பிரவுன், சென்னையைச் சுற்றியுள்ள செடிகளை உள்ளூரார் வழங்கிய பெயர்களோடு இலண்டனுக்கு அனுப்பினார். அவர் உலர்த்திய செடிகள் அங்குள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன. சென்னைச் சுற்றுப்புறப் பூச்செடிகளைப் பற்றி மயூரநாதன் எழுதிய நூல் 1929-ல் வெளிவந்தது. இக்காலத்தில் ‘ஐ-நேச்சுரலிஸ்ட்’ போன்ற பொதுப் பதிவேடுகளில் படத்தை இட்டால், அறிந்தவர்கள் பெயர் சொல்லுவர். இன்ன நாளில் இன்ன இடத்தில் இச்செடி இருந்தது என்பதற்கு அது சான்றாகவும் நிற்கும்.

என் இளஞ்சிவப்புப் பூவையும் அதில் இட்டிருக்கிறேன். பெயர் எழுத வேண்டிய இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. உங்களில் எவரேனும் வல்லம் பக்கம் நடந்தால், இலையையும் சேர்த்துப் படமெடுத்து வாருங்கள்.