நிற்கவும் தெரிய வேண்டும்

கணினிச் சிப்பில் இருக்கும் டிரான்சிஸ்டருக்கு வேகம் மட்டும் போதாது. சொன்னதும் நிற்கவும் தெரிய வேண்டும். கிராஃபீன் பற்றிய கொண்டாட்டங்களில் விடுபட்டுப்போவது இந்தப் பாதிதான்.

2004இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கெய்ம், கான்ஸ்டன்டின் நொவோசெலவ் குழுவினர் கிராஃபைட்டின் மேல் ஒட்டுநாடாவை ஒட்டி ஒட்டி உரித்து, ஓர் அணு தடிமனே உள்ள கார்பன் ஏடான கிராஃபீனைப் பிரித்தெடுத்தார்கள். 2010இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஏட்டில் மின்னோட்டம் எப்படி இருக்கும் என்பதை 1947லேயே பி. ஆர். வாலஸ் கணக்கிட்டுவிட்டார் என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

கார்பனின் வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான்கள். கிராஃபீனில் மூன்று, அக்கம்பக்கத்து அணுக்களோடு பிணைந்து அறுகோண வலையைப் பின்னுகின்றன. நான்காவது, ஏடு முழுக்கத் திரிகிறது. நிறையே இல்லாத துகள்போல, நொடிக்குச் சுமார் ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. எலக்ட்ரான் எவ்வளவு எளிதாக நகர்கிறது என்பதைக் காட்டும் அளவு (செ.மீ.²/வோல்ட்·நொடி அலகில்) சிலிக்கானில் ஏறத்தாழ 1,400. அடியில் தாங்கல் இல்லாமல் தொங்கவிட்ட தூய கிராஃபீனில் 2,00,000.

சிக்கலும் இங்கேதான். சிலிக்கானில் கட்டுண்ட எலக்ட்ரான், மின்சாரத்தைச் சுமக்கும் நிலைக்கு வர 1.1 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளியைத் தாண்ட வேண்டும். அந்த இடைவெளியால்தான் மின்னோட்டத்தை அடைக்க முடிகிறது. கிராஃபீனில் இரு நிலைகளும் ஒரு புள்ளியில் தொட்டுக்கொள்கின்றன, இடைவெளி பூஜ்யம். அது முழுக்க மூட முடியாத குழாய். 2010இல் ஐபிஎம் காட்டிய 100 கிகாஹெர்ட்ஸ் கிராஃபீன் டிரான்சிஸ்டர் ரேடியோ அலைகளுக்குப் பொருந்தும். 0, 1 என்று கணக்கிடும் சிப்புக்குப் பொருந்தாது.

ஏட்டை 10 நானோமீட்டருக்கும் குறுகிய நாடாவாக நறுக்கினால் இடைவெளி திறக்கும். ஆனால் அகலத்தில் ஒரே ஓர் அணு வரிசை கூடினாலும் அந்த இடைவெளி வெகுவாக மாறிவிடும். விளிம்பு பிசிறடித்தால் எலக்ட்ரான் சிதறும். எந்தக் கருவியாலும் அவ்வளவு நேர்த்தியாக வெட்ட முடியாது. அதனால் சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வகமும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவனமும் 2010இல் வெட்டுவதையே கைவிட்டன. தங்கத்தின் மேல் மூலக்கூறுகளைக் கோத்து, அணு பிசகாத நாடாவை வளர்த்தெடுத்தன. என்னைக் கேட்டால், இந்தத் துறையின் மிக அழகான வேலை அதுதான்.

சிப் ஆலைக்கு நெருக்கமானது வேறொரு வழி. ஜார்ஜியா டெக்கின் வால்டர் டி ஹீர், சீனாவின் தியான்ஜின் பல்கலைக்கழகத்தினரோடு சேர்ந்து, சிலிக்கான் கார்பைடு படிகத்தைச் சூடாக்கி அதன்மேல் கார்பன் ஏட்டை வளர்த்தார். அடியிலுள்ள படிகத்தோடு ஏடு ஒழுங்காகப் பிணைந்ததில் 0.6 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளி உண்டானது. 2024 ஜனவரியில் வெளியான அந்த முடிவின்படி, எலக்ட்ரான் நகரும் அளவு 5,000க்கு மேல். தூய கிராஃபீனோடு ஒப்பிட்டால் பெரிய இழப்பு; ஆனாலும் சிலிக்கானைப்போல மூன்று மடங்குக்கு மேல். இனி இந்த ஏட்டின் மேல், அதன் குணம் கெடாமல், மின்கடத்தாப் படலமும், மின்னோட்டத்தைத் திறந்து மூடும் கதவு மின்முனையும் அமைக்க வேண்டும்.