எங்கே சீவுவது? வில் கற்றுத் தரும் அறிவியல்

மாணவர்களே, உங்கள் தாத்தா பாட்டி ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களா? அப்படியானால் காண்டா கம்பைப் பற்றி அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கம்பின் இரண்டு முனையிலும் பால் வாளி, நடுவில் தோள். பாரம் ஏறியதும் கம்பு வளையும். நடக்க நடக்க மேலும் கீழும் ஆடும். அப்படி வளைந்த கம்பின் இரு முனைகளையும் ஒரு கயிற்றால் இணைத்துப் பாருங்கள். அதுதான் வில்!

கம்பு வளையும்போது அதன் மேற்பக்கம் இழுபடுகிறது, கீழ்ப்பக்கம் அமுங்குகிறது. வில்லிலும் இதேதான். இலக்கைப் பார்க்கும் வெளிப்பக்கம் இழுபடும். எய்பவரைப் பார்க்கும் உட்பக்கம் அமுங்கும். இப்படிச் சேரும் ஆற்றலைத்தான் ஐந்தாம் படிவ இயற்பியலில் மீள்தன்மை நிலையாற்றல் என்று படிக்கிறோம். நாணை விட்டதும் அது அம்புக்குப் போய்ச் சேர்கிறது.

மரத்தின் நார்கள் வெளிப்பக்கத்தில் அறுபடாமல் இருந்தால்தான் இழுவிசையைத் தாங்கும். மூங்கிலில் தோலை ஒட்டிய பகுதியில்தான் நார் மிக நெருக்கமாக இருக்கிறது. அதனால் மூங்கில் வில்லில் தோல்பக்கத்தை வெளியே வைத்து, கத்தி படாமல் காக்க வேண்டும். 1545-இல் மூழ்கி 1982-இல் தூக்கப்பட்ட ‘மேரி ரோஸ்’ என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் 130-க்கும் மேற்பட்ட முழு விற்கள் கிடைத்தன. ‘யூ’ என்ற மரத்தில் செய்யப்பட்டவை அவை. இழுவிசையை நன்றாகத் தாங்கும் வெளிமரம் வெளிப்பக்கத்திலும், அமுக்கத்தைத் தாங்கும் வைரம் உட்பக்கத்திலும் இருந்தன. சீவுவதெல்லாம் உட்பக்கத்தில்தான்.

எவ்வளவு சீவுவது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கம்பின் விறைப்பு அதன் அகலத்தைப் பொறுத்து நேராக மாறும். தடிமனைப் பொறுத்தோ மும்மடியாக, அதாவது கனமாக மாறும். அகலத்தில் 10 விழுக்காட்டைக் குறைத்தால் விறைப்பும் 10 விழுக்காடுதான் குறையும். 10 மில்லிமீட்டர் தடிமனை 9 ஆக்கினால்? 0.9 × 0.9 × 0.9 = 0.729. ஒரே மில்லிமீட்டரில் விறைப்பு 27 விழுக்காடு போய்விடும்!

சிறு வயதில் நான் செய்த மூங்கில் வில் ஒரே நாளில் முறிந்தது. ஓரிடம் நன்றாக வளைகிறதே என்று மகிழ்ந்து அங்கேயே மேலும் சீவினேன். மூங்கில்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். தவறு என் கத்தியில் இருந்தது. மெலிந்த இடத்தில் வளைவு முழுவதும் குவிகிறது. அந்த இடம் மீள்தன்மை எல்லையைக் கடந்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பாது. இன்னும் இழுத்தால் முறியும். ஆகவே வளையும் இடத்தைத் தொடாதீர்கள். வளையாத இடத்தைச் சீவுங்கள். சீவிய மரத்தை மீண்டும் ஒட்ட முடியாது. அதனால்தான் வில் செய்பவர் கொஞ்சம் சீவுவார், கொஞ்சம் வளைப்பார், தள்ளி நின்று பார்ப்பார், பிறகு மறுபடியும் சீவுவார்.

பிடியின் அருகில் வளைக்கும் விசை அதிகம். முனையை நோக்கிப் போகப் போகக் குறைவு. எனவே வில் நடுவில் தடித்தும் முனைகளில் ஒடுங்கியும் இருக்க வேண்டும். ஒரே அளவாக இருந்தால் நடுப்பகுதியே எல்லாச் சுமையையும் தாங்கும், முனைகள் சும்மா இருக்கும்.

அடுத்தது சமநிலை. காண்டா கம்பில் ஒரு வாளி கனத்தால் தோள் உடனே சொல்லிவிடும். வில்லில் நாம்தான் அளக்க வேண்டும். நாணைப் பூட்டி, பிடியிலிருந்து மேலும் கீழும் ஒரே தூரத்தில் மரத்துக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். இடைவெளி குறைவாக உள்ள பாதி விறைப்பானது. அதைத்தான் சீவ வேண்டும். இரண்டு பாதியும் சேர்ந்து வேலை செய்யாவிட்டால் நாணை விடும்போது கை அதிரும், அம்பும் தடுமாறும்.

வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். தென்னை ஈர்க்கு ஒன்றை எடுத்து இரு முனைகளையும் நெருக்குங்கள். மெல்லிய நுனிப்பக்கம் மட்டுமே வளையும். இப்போது இரண்டு ஈர்க்குகளின் தடித்த அடிப்பகுதிகளை நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நூலால் இறுகக் கட்டுங்கள். நுனிகளை நூலால் இழுத்து இணைத்தால் சிறிய வில் கிடைக்கும். அதைத் தாளின் மேல் வைத்து வளைவை வரையுங்கள். தாளை நடுவில் மடித்து வெளிச்சத்தில் பிடித்தால் இரு பாதியும் பொருந்துகின்றனவா என்று தெரியும். பொருந்தாவிட்டால் விறைப்பான பாதியை மணல்தாளால் மெதுவாகத் தேய்த்து மீண்டும் வரையுங்கள். அம்பு வேண்டாம், வளைவு போதும்.

எத்தனை தடவை வரைந்த பிறகு இரண்டு கோடுகளும் ஒன்றாயின என்று குறித்து வையுங்கள். அந்தத் தாளைத் தாத்தாவிடம் காட்டுங்கள். காண்டா கம்பைத் தோளில் எங்கே வைத்தால் வாளி இரண்டும் சமமாக நின்றன என்று அவர் சொல்வார்.