லாரி ஓட்டுநரும் மின்னணுக் கண்காணிப்பும்: அமெரிக்க அனுபவம்

நெடுஞ்சாலை விபத்துக்களுக்கு ஓட்டுநரின் களைப்பு முக்கியமான காரணங்களுள் ஒன்றாகும். எனவே லாரி ஓட்டுநரின் பணி நேரத்தை வரையறுப்பது அரசின் கடமையாகக் கருதப்படுகிறது. அமெரிக்காவில் இத்தகைய வரையறை 1930-களின் பிற்பகுதியிலேயே ஏற்பட்டது. ஆனால் பல பத்தாண்டுகள் வரை, ஓட்டுநர் தம் கைப்பட எழுதிய குறிப்பேடே அதற்குச் சான்றாக இருந்து வந்தது. அதில் பொய்க் கணக்கு எழுதுவது எளிதாயிற்று.

இக்குறையை நீக்க, 2012-ல் அந்நாட்டு நாடாளுமன்றம் மின்னணுப் பதிவுக் கருவியைக் கட்டாயமாக்கியது. 2017 டிசம்பர் 18 முதல் இவ்விதி நடைமுறைக்கு வந்தது. கருவி லாரியின் எஞ்சினுடன் இணைக்கப்படுகிறது. வண்டி நகர்ந்த நேரத்தையும் தூரத்தையும் அது தானாகவே பதிவு செய்கிறது. 2000-ஆம் ஆண்டுக்கு முந்திய எஞ்சின் கொண்ட வண்டிகளுக்கும், குறுகிய தூரமே செல்லும் ஓட்டுநர்களுக்கும் விலக்கு உண்டு.

ஓட்டுநர்களின் கருத்துக்கள்

ஓட்டுநர்கள் அனைவரும் ஒரே கருத்துடையவர்கள் அல்லர். எழுத்து வேலை குறைந்தது என்றும், வரம்பை மீறி ஓட்டுமாறு முதலாளி வற்புறுத்தினால் மறுப்பதற்குச் சான்று கிடைத்தது என்றும் சிலர் வரவேற்றனர். சொந்த லாரி ஓட்டுவோரின் சங்கமோ கடுமையாக எதிர்த்தது. வாரக்கணக்கில் ஓட்டுநர் உண்பதும் உறங்குவதும் லாரியில்தான்; அங்கு இடைவிடாக் கண்காணிப்பு தனிமையைப் பறிப்பதாகும் என்பது அவர்கள் வாதம். கருவியைக் கொண்டு ஓட்டுநர் துன்புறுத்தப்படுவதைத் தடுக்க வழி காணவில்லை என்று கூறி, முந்தைய விதி ஒன்றை 2011-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. 2015-ல் வெளியான புதிய விதிகளில் அதற்கான தடை சேர்க்கப்பட்டது. அவ்விதிகளை 2016-ல் அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

காத்திருப்பும் ஊதியமும்

ஆனால் ஓட்டுநர்களின் மனக்குறைக்கு ஆழ்ந்த காரணம் வேறொன்று உண்டு. தொடர்ந்து 10 மணி நேர ஓய்வுக்குப்பின் பணி தொடங்கும் ஓட்டுநர், அடுத்த 14 மணி நேரத்திற்குள் 11 மணி நேரம் வரை ஓட்டலாம். இந்த 14 மணிக் கணக்கு பொதுவாக இடையில் நிற்பதில்லை; 2020-ல் இது ஓரளவு தளர்த்தப்பட்டது. காலை 6 மணிக்குத் தொடங்கியவர் கிடங்கில் சரக்கேற்ற 5 மணி நேரம் காத்திருந்தால், ஓட்டுவதற்கு 9 மணி நேரமே எஞ்சும். நெடுந்தூர ஓட்டுநர் பலருக்கு ஊதியம் மைல் கணக்கில்தான். காத்திருப்பில் முதல் 2 மணி நேரத்திற்குக் கட்டணம் கேட்பதில்லை என்பது தொழில் வழக்கம். கட்டணத்தையும் புதியோர் நுழைவையும் கட்டுப்படுத்திய விதிகள் 1980-ல் தளர்ந்து போட்டி பெருகியபின், சரக்கு அனுப்புவோரிடம் பேரம் பேசும் வலிமையும் சிறு உரிமையாளர்களுக்குக் குறைந்தது.

விளைவு எதிர்பார்த்தவாறு அமையவில்லை. 2021-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, நேர வரம்பு மீறல்கள் குறைந்தன. ஆயினும் விபத்துக்கள் குறைந்ததாகத் தெரியவில்லை. சிறு நிறுவனங்களின் ஓட்டுநர்களிடையே வேக வரம்பு மீறல் அதிகரித்தது. இழந்த நேரத்தை அவர்கள் வேகத்தால் ஈடுகட்ட முயன்றனர் எனலாம். கிடங்குகளில் லாரி நிற்கும் சராசரி நேரம் 15 நிமிடம் கூடினால் விபத்து விகிதம் 6.2 சதவிகிதம் உயரக்கூடும் என அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2018-ல் மதிப்பிட்டிருந்தது.

இந்தியாவிற்கான படிப்பினை

இந்தியாவில் 1961-ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி எனப் பணி நேரத்தை வரையறுத்தது. ஆயினும் 5 பேருக்குக் குறைவாகத் தொழிலாளர் கொண்ட நிறுவனங்கள் பொதுவாக அதன் வரம்பிற்குள் வரவில்லை. 2018-ல் வந்த இ-வே பில் சரக்கையும், 2021-ல் கட்டாயமாக்கப்பட்ட ஃபாஸ்டாக் சுங்கச் சாவடியைக் கடக்கும் வண்டியையும் பதிவு செய்கின்றன. ஓட்டுநரின் பணி நேரத்தைக் கணக்கிடுவது இவற்றின் நோக்கமன்று.

அக்கணக்கை மின்னணு முறையில் எடுக்க முற்படும்போது, லாரி கிடங்கிற்கு வந்த நேரமும் புறப்பட்ட நேரமும் சேர்த்தே பதிவாக வேண்டும். காத்திருப்பிற்கான கட்டணத்தைச் சரக்கு உரிமையாளர் செலுத்தவும், அதில் உரிய பங்கு ஓட்டுநரைச் சேரவும் வழி செய்தல் அவசியம். தாமதத்தின் சுமை முழுவதும் ஓட்டுநர்மீதே விழும் வரை, நேர வரம்பு மட்டும் சாலைப் பாதுகாப்பை உறுதி செய்துவிடாது.