பொற்காலம் எது? – திரையிசையும் பத்தாண்டுக் கணக்கும்

கல்லூரித் தமிழ் மன்றங்களின் பட்டிமன்ற மேடையில் என்றும் அலுக்காத தலைப்பு ஒன்று உண்டு. இனிய திரைப்பாடல்களை நல்கியது அந்தக் காலமா, இந்தக் காலமா என்பதே அது. நாளடைவில் அத்தலைப்பு இன்னும் கூர்மை பெற்று, ஐம்பதுகளா, அறுபதுகளா, எண்பதுகளா, தொண்ணூறுகளா எனப் பத்துப் பத்து ஆண்டுகளாகப் பகுத்து வழக்காடும் நிலையை அடைந்துள்ளது. மேனாட்டார் ‘பாப்’ இசை எனச் சுட்டும் வெகுமக்கள் இசைக்குத் தமிழகத்தில் ஈடாக நிற்பது திரையிசையே ஆதலின், இவ்வழக்கு நம்மிடையே திரைப்பாடல்களைச் சுற்றியே நிகழ்கிறது. தாத்தா ஒரு பத்தாண்டைப் போற்றுவார், தந்தை மற்றொன்றை, மகன் இரண்டையும் கேட்டுப் புன்னகைத்துவிட்டுத் தன் செவிப்பொறியைக் காதில் செருகிக்கொள்வான். தீர்ப்பு மட்டும் ஒருநாளும் ஒன்றாக அமைவதில்லை.

தொன்மையானது என்பதனாலேயே ஒன்று நன்று ஆகிவிடாது. இன்று தோன்றியது என்பதனாலேயே தீதாகியும் விடாது என்னும் கருத்தைச் சிவப்பிரகாசத்தின் அவையடக்கத்தில் உமாபதி சிவாசாரியார் எழுதி ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் ஆகின்றன. நூலுக்கு அவர் கூறிய நெறி பாட்டுக்கும் பொருந்தும். ஆயினும் இவ்வழக்கில் நெறி தெரியாமையைவிட, சான்றுகள் சரியாக அவையில் வைக்கப்படாமையே பெருங்குறையாகத் தோன்றுகிறது. அச்சான்றுகளுள் சிலவற்றை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1952ஆம் ஆண்டின் சான்று

பெரியவர்கள் பலரும் ஒருமுகமாகப் பொற்காலம் எனச் சுட்டுவது ஐம்பதுகளையும் அறுபதுகளின் முற்பாதியையும் ஆகும். அக்காலத்திலேயே வாழ்ந்த பெரியோர் அப்பாடல்களைப் பற்றி என்ன கருதினர் என்று வினவுவோர் மிகச் சிலர்.

1952இல் இந்திய அரசின் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்றவர் பி.வி. கேஸ்கர். செவ்வியல் இசையில் ஆழ்ந்த ஈடுபாடு உடைய அவர், திரையிசை நாட்டின் இசைச்சுவையைக் கெடுக்கிறது எனக் கருதினார். அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்குரிய நேரம் வெகுவாகக் குறைக்கப்பட்டது. பாடல்களை ஒலிபரப்பும் முறை குறித்துத் தயாரிப்பாளர்களுக்கும் வானொலிக்கும் பிணக்கு முற்றிய பின்னர், திரைப்பாடல் என்பதே அகில இந்திய வானொலியில் ஏறத்தாழ இல்லாமற்போயிற்று. இன்று நாம் போற்றும் பாடல்கள் பிறந்துகொண்டிருந்த ஆண்டுகளிலேயே இது நிகழ்ந்தது. ‘பராசக்தி’ வெளிவந்தது 1952இல். விசுவநாதன்–ராமமூர்த்தி இரட்டையர் இசையமைத்த முதற்படமான ‘பணம்’ வெளிவந்ததும் அதே 1952இல்தான்!

மக்கள் என் செய்தனர்? வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பினர். இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு அவர்களுக்கு வேண்டியதை வாரி வழங்கிற்று. கடல் கடந்து வந்த அவ்வலைகளை இந்திக்காரரும் தமிழரும் ஒருங்கே கேட்டு மகிழ்ந்தனர். நேயர்களை மீட்கும் நோக்கத்துடன் 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கப்பட்டது. அரசு ஆணையால் மூடப்பட்ட வாயில் ஐந்தாண்டுகளில் அரசாலேயே திறக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியைச் சற்று விரித்து உரைப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு பத்தாண்டின் பாடல்களை அக்காலத்துச் சான்றோர் சீரழிவு என்றனர். அதே பாடல்களை முப்பது ஆண்டுகள் கழித்து வந்த சான்றோர் பொற்கிழி என்றனர். இடைப்பட்ட காலத்தில் பாடல்கள் மாறவில்லை. இசைத்தட்டின் வரிப்பள்ளங்கள் அப்படியேதான் இருந்தன. கேஸ்கர் காலத்தில் இளைஞராய் இருந்தவர்கள் முதியவர்களாயினர் என்பதே மாற்றம்.

இதற்கு உளவியலாரும் ஒரு விளக்கம் தருகின்றனர். 1989இல் ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், பல்வேறு ஆண்டுகளில் வெளிவந்த பாடல்களின் பகுதிகளைப் பல்வேறு வயதினரைக் கேட்கச்செய்து அவர்தம் விருப்பத்தை அளந்தனர். தமக்கு ஏறத்தாழ இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது இருந்த காலத்துப் பாடல்களையே மக்கள் மிகுதியும் விரும்புகின்றனர் என்பது அவர்தம் முடிவு. நம் ஊரில் இதற்கு ஆய்வே தேவையில்லை என்பார் உளர். ஒருவர் எந்தப் பத்தாண்டுக்காக மேசையைத் தட்டி வாதிடுகிறார் என்பதைக் கேட்டு, அவர் பிறந்த ஆண்டைக் கணித்துவிடலாம்!

சல்லடையின் வேலை

மற்றொன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அறுபதுகளில் ஆண்டுக்கு முப்பது தமிழ்ப்படங்கள் எனக் குறைத்துக் கொண்டாலும், படத்துக்கு ஏழு பாடல்கள் என்று வைத்தால் பத்தாண்டில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் வெளிவந்திருக்கும். அவற்றுள் இன்று ஒருவர் நினைவிலிருந்து பாடக்கூடியவை எத்தனை? இருநூறு என்றால் அவர் பெரும் சுவைஞர். எஞ்சிய ஆயிரத்து எண்ணூறும் காலமென்னும் சல்லடையில் கீழே உதிர்ந்தவை. நிகழ்காலப் பாடல்களுக்கோ இன்னும் சல்லடை பிடிக்கப்படவில்லை. உமியும் நெல்லும் ஒன்றாகவே நம் செவியில் கொட்டப்படுகின்றன. தூற்றிய நெல்லையும் தூற்றாத களத்துக் குவியலையும் அருகருகே வைத்து எது தூயது என வினவுவது நேர்மையான ஒப்பீடு ஆகாது.

எனினும், இதனைக் காரணம் காட்டி எல்லாக் காலமும் ஒன்றே என்று கூறி நழுவிவிடுதல் கூடாது. காலத்துக்குக் காலம் பாடலின் உடலமைப்பே மாறியுள்ளது. அம்மாற்றத்துக்கு ஏற்ப ஒன்று வளர, மற்றொன்று தேய்ந்துள்ளது. அதனை நிகழ்த்தியவை பெரும்பாலும் கருவிகளே.

மூன்று நிமிட எல்லை

நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய அரக்கு இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றே கூடுதலாகத்தான் ஒலியைப் பதிய முடியும். முப்பதுகளின் படங்களில் பாடல்கள் கணக்கின்றிக் கொட்டிக் கிடந்தன. எம்.கே. தியாகராஜ பாகவதர் அறிமுகமான ‘பவளக்கொடி’யில் (1934) ஐம்பது பாடல்கள் இருந்தன என்பர். அவை நாடக மேடையின் வழிவந்தவை, நடிப்பவரே பாடவேண்டியிருந்தது. 1938இல் ‘நந்தகுமார்’ படத்தில் பின்னணி பாடும் முறை தமிழில் புகுந்தது. பாடத் தெரிந்தவர் நடிக்கவேண்டும் என்னும் நிலை மெல்ல மறைந்து, பாடுவதையே தொழிலாகக் கொண்ட குரல்கள் தோன்றின. படத்துக்கு ஏழெட்டுப் பாடல்கள் என்னும் அளவும், இசைத்தட்டின் மூன்று நிமிட எல்லையும் சேர்ந்து ஐம்பதுகளில் ஒரு கட்டுக்கோப்பான வடிவத்தை உருவாக்கின.

அவ்வடிவத்தில் இசைக்கருவிகளுக்குக் கிடைத்த இடம் சிறிது; சொல்லுக்குக் கிடைத்த இடம் பெரிது. பல்லவியில் ஒரு கருத்தை நிறுத்தி இரண்டு மூன்று சரணங்களில் அதனை முடித்தாக வேண்டும். வெண்பாவின் இறுக்கத்தை அறிந்த தமிழ்ப்புலமைக்கு இது இயல்பான களமாயிற்று. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959இல் மறைந்தபோது அவருக்கு அகவை இருபத்தொன்பதே. ஐம்பதுகளின் பிற்பாதியில், மிகச் சில ஆண்டுகளுக்குள் உழவர், தொழிலாளர் வாழ்வை அவர் எளிய சொற்களில் வைத்துச் சென்றார். கண்ணதாசனும் விசுவநாதன்–ராமமூர்த்தியும் இணைந்து இயங்கியதும் இக்காலத்திலேயே. சொல்லும் மெட்டும் ஒன்றையொன்று மிஞ்சாமல் நடந்த காலம் என ஒன்றைச் சுட்டச் சொன்னால், ஐம்பதுகளின் பிற்பாதி தொடங்கி அவ்விரட்டையர் பிரிந்த 1965 வரையிலான காலத்தையே இக்கட்டுரையாளர் சுட்டுவார். அதே ஐம்பதுகளின் தொடக்கத்தில் இந்தி மெட்டுகளுக்குத் தமிழ்ச் சொற்களை அளந்து நிரப்பும் வழக்கம் மலிந்திருந்ததையும் உடன் சொல்லவேண்டும். ஒரே பத்தாண்டின் தலை வேறு, வால் வேறு.

எழுபதுகளும் அத்தகையனவே. மிகத் தாழ்ந்த பத்தாண்டு எது என்னும் வினாவுக்கு எழுபதுகள் என விடையிறுப்போர் பலர். ‘ஆராதனா’ (1969), ‘பாபி’ (1973) ஆகிய இந்திப் படங்களின் பாடல்கள் தமிழகத்துத் தெருக்களில் முழங்கியதை அவர்கள் சான்று காட்டுவர். ஆனால் அதே ஆண்டுகளில்தான் எம்.எஸ். விசுவநாதன் ‘அபூர்வ ராகங்கள்’ (1975) படைத்தார், வி. குமார் அமைதியான அழகுடைய மெட்டுகளைத் தந்தார். 1976 மே மாதத்தில் ‘அன்னக்கிளி’ வெளிவந்ததும் நாட்டுப்புற மெட்டும் மேனாட்டு இசைக்கோப்பும் இளையராசாவின் கையில் ஒன்றாயின. எழுபதுகளைத் தாழ்த்துபவரும் உயர்த்துபவரும் ஒரே பெயரிட்டு வெவ்வேறு காலங்களைப் பேசுகின்றனர். 1938, 1952, 1965, 1976, ‘ரோஜா’ வெளிவந்த 1992 எனத் திரையிசையின் திருப்பங்கள் எவையும் சுழியத்தில் முடியும் ஆண்டுகளில் நிகழவில்லை. பத்தாண்டு என்பது நாட்காட்டியின் அளவு; இசையின் அளவன்று.

எண்பதுகளில் ஒலிநாடா எளியவர் கைக்கும் வந்தது. வேண்டிய பாடல்களைத் தாளில் எழுதிக் கடையில் கொடுத்து, அவற்றை ஒரே நாடாவில் பதிந்து வாங்கிய தலைமுறை அது. மூன்று நிமிட எல்லை தளர்ந்தது. சரணங்களுக்கிடையே வரும் கருவியிசை விரிந்து தனியழகு பெற்றது. தொண்ணூறுகளில் கணினி வந்தபின் பாடுபவரும் வாசிப்பவரும் ஒருவரையொருவர் காணாமலே தனித்தனியே பதிந்து, பின்னர் ஒன்றாக்கும் முறை பரவிற்று. ஓசையின் நுட்பம் ஓங்கியது. ஆனால் பல பாடல்களில் சொல் அந்த ஓசையின் அடியில் அமிழ்ந்தது, உச்சரிப்பும் சிதைந்தது. பெரியவர்களின் முறையீட்டில் உண்மை இருக்குமிடம் இதுவே. அதற்காகக் கவிதையே மறைந்தது என்பது மிகை. ‘தங்க மீன்கள்’, ‘சைவம்’ ஆகிய படங்களுக்காக நா. முத்துக்குமார் அடுத்தடுத்து இருமுறை தேசிய விருது பெற்றது இரண்டாயிரத்துப் பத்துகளில் அன்றோ?

கணக்கில் வாராதவை

இவ்வழக்கில் இரு தரப்பாரும் மறக்கும் பகுதி ஒன்று உண்டு. திரைக்கு வெளியே பிறந்த வெகுமக்கள் பாடல்கள் எந்தப் பத்தாண்டின் கணக்கிலும் சேர்க்கப்படுவதில்லை. எழுபதுகளில் ஈழத்தில் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் முதலியோர் பைலா தாளத்தையும் பேச்சுத்தமிழையும் கலந்து பாடியவற்றை அங்குள்ளோர் ‘பொப்பிசை’ என்றே வழங்கினர். ‘பாப்’ என்னும் சொல்லுக்கு நேர்ப்பொருளில் உரிமை கொண்டாடத்தக்க தமிழிசை அதுவே. தமிழகத் திருமண வீடுகளிலும் அது ஒலித்தது. இசைமுரசு நாகூர் ஈ.எம். ஹனீபாவை எந்தப் பத்தாண்டில் அடைப்பது? அவர் குரல் ‘பாவமன்னிப்பு’ (1961) படத்திலும் உண்டு. ‘செம்பருத்தி’ (1992) படத்திலும் உண்டு. இவ்விரண்டுக்கும் இடையேயும் அப்பாலும் ஊர்தோறும் மேடைகளிலும் ஒலிநாடாக்களிலும் அது முழங்கிக்கொண்டே இருந்தது. ‘சிறந்த பத்துப் பாடல்கள்’ என்னும் பட்டியல்களில் அவர் பெயரைக் காண்பது அரிது.

முப்பதுகளின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) படச்சுருள் இன்று இல்லை. அப்பத்தாண்டின் படங்கள் பலவும் அழிந்தொழிந்தன. பட்டிமன்ற மேடையில் யாரும் முப்பதுகளுக்காக வாதிடுவதில்லை. பாடல்கள் தாழ்ந்தவை என்பதாலன்று, கேட்டவர் இல்லை என்பதால். அவற்றுக்குச் சான்றாக எஞ்சியவை திரையரங்க வாயிலில் சில காசுகளுக்கு விற்கப்பட்ட பாட்டுப் புத்தகங்களும், இங்குமங்கும் தப்பிய இசைத்தட்டுகளும்தாம். சென்னையில் 1994இல் நிறுவப்பெற்ற ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இத்தகைய பாட்டுப் புத்தகங்களும் இசைத்தட்டுகளும் பேணப்படுகின்றன. ஆயினும் எல்லாம் அங்குச் சேர்ந்துவிடவில்லை. பழைய வீடுகளின் பரண்களிலும் தகரப்பெட்டிகளிலும் மஞ்சளேறிய தாள்கள் இன்னும் கிடக்கின்றன. வீட்டை இடித்துக் கட்டும்போது அவை எடைக்குப் போகின்றன. அடுத்த ஆண்டுப் பட்டிமன்றத்துக்கு அணி சேரும் மாணவர்கள், மேடையேறுமுன் தத்தம் வீட்டுப் பரணை ஒருமுறை பார்த்துவிட்டு வருவார்களாக. கிடைத்த புத்தகத்தின் முன்னட்டை கிழிந்திருந்தாலும் உள்ளே பாடலாசிரியர் பெயரும் இராகப் பெயரும் இருக்கக்கூடும். படச்சுருள் அழிந்த படத்துக்கு அந்த ஒரு தாளே சான்றாகவும் இருக்கலாம்.