குடத்துக்குள் ஒரு பாடம்

பாடசாலை என்றால் நான்கு சுவர்களும் ஒரு கரும்பலகையுந்தான் என்று எண்ணுகிறவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். பிள்ளைகளை வெளியூருக்கு அழைத்துப் போகிறோம் என்றால், "பரீட்சை நெருங்குகிற சமயத்தில் ஊர் சுற்றுவதா?" என்று கேட்கிற பெற்றோரும் உண்டு. அவர்களுக்குச் சமாதானமாக, சென்ற பருவத்தில் எங்கள் எட்டாம் வகுப்பார் உத்தரமேரூர் சென்று வந்த விருத்தாந்தத்தைச் சொல்கிறோம்.

புறப்படுவதற்கு முன் இரண்டு வாரம் வகுப்பிலேயே வேலை நடந்தது. தேசப்படத்தில் ஊரைக் குறித்தார்கள்; பழைய தமிழ் எழுத்துக்களை எழுதிப் பழகினார்கள். ஆகவே வைகுண்டப் பெருமாள் கோயிலின் கற்களுக்கு எதிரே நின்றதும், "அதோ 'ட'!" என்று ஒரு மாணவி கூவினாள். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய எழுத்து அவளுக்கு அறிமுகமான முகமாகிவிட்டது.

முதற் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் ஊர்ச் சபையார் செய்த தீர்மானங்கள் அக்கற்களில் இருக்கின்றன. ஊரில் முப்பது குடும்புகள், அதாவது வட்டாரங்கள். தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஓர் ஓலையை எடுப்பான். அதை வாங்குகிறவர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏற்கவேண்டும். மோசடிக்கு இடமில்லை! பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடம் கிடையாது. ஏரிக்கும் தோட்டத்துக்கும் தனித்தனி வாரியங்கள் இவ்விதம் அமைந்தன.

பிள்ளைகளுக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போது பின்வரிசையிலிருந்த ஒரு பெண், "அந்தக் குடத்தில் எங்கள் வீட்டார் பெயர் இருந்திருக்குமா?" என்று கேட்டாள்.

மழுப்பாமல் பதில் சொன்னோம். கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உடைய, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குட்பட்ட ஆடவருக்கே அந்த உரிமை. அது அந்தணர் சபை. ஊரில் உழுதவருக்கும், பெண்டிருக்கும் அதில் ஓலை இல்லை. பிள்ளைகள் சற்று நேரம் மௌனமாயிருந்தார்கள். பெருமையும் உண்மைதான், குறையும் உண்மைதான் என்பதை அந்த மௌனத்தில் கற்றுக்கொண்டார்கள் என்று நம்புகிறோம்.

திரும்பி வந்ததும் வகுப்புத் தலைவரைக் குடவோலையால் தெரிந்தெடுக்க முடிவாயிற்று. "குலுக்கலில் வருகிறவன் யோக்கியனாயிருப்பான் என்பது என்ன நிச்சயம்?" என்றான் ஒருவன். "அதற்காகத்தானே ஓலை இடுமுன் தகுதி பார்த்தார்கள்!" என்றான் மற்றொருவன். நிலம், பிறப்பு பற்றிய விதிகளை அடித்துவிட்டார்கள். கணக்கு விதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நூலகப் புத்தகத்தைத் திருப்பித் தராதவர் பெயர் குடத்தில் விழாது என்றார்கள். மறுநாளே பதினொரு புத்தகங்கள் திரும்பி வந்துவிட்டன! ஒன்றாம் வகுப்புக் குழந்தை எடுத்த ஓலையில், அந்தப் பின்வரிசைப் பெண்ணின் பெயரே இருந்தது.

1950-ல் நமது அரசியல் சட்டம், வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை அளித்தது. 1993-ல் பஞ்சாயத்துக்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடம் பெண்களுக்கு உறுதியாயிற்று. இவை பரீட்சைக்கு எழுதும் இரண்டு வரிகள். ஆனால் குடத்தைப் பார்த்து, அதில் யாருடைய ஓலை இல்லை என்று கேட்டறிந்த குழந்தைக்கு, அந்த இரண்டு வரிகளின் விலை தெரியும். பதினெட்டு வயதில் இவர்கள் வாக்களிக்கப் போகிறார்கள். அதற்கு ஒரு நாள் ஊர் சுற்றியது அதிகச் செலவாகுமா என்பதைப் பெற்றோரே தீர்மானிக்கட்டும்.