குவெட்சாலின் பச்சை எங்கிருந்து வருகிறது?

தென் மெக்சிகோ முதல் பனாமா வரை, மேகம் தவழும் மலைக்காடுகளில் வாழ்கிறது குவெட்சால். குவாத்தமாலாவின் தேசியப் பறவை. அந்நாட்டு நாணயத்துக்கும் இதே பெயர்தான். ஆண் பறவைக்கு முதுகு மரகதப் பச்சை, வயிறு ரத்தச் சிவப்பு.

முதுகின் இறகை மெல்லத் திருப்பினால் பச்சை பொன்னிறமாகவும் நீலமாகவும் மாறும். ஏன்? அதில் பச்சைச் சாயமே கிடையாது! இறகின் நுண்ணிழைகளுக்குள் மெலனின் என்ற கரிய நிறமித் துகள்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளியில் பச்சை அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன, மற்றவை மங்கிவிடுகின்றன. பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறும். சோப்புக் குமிழியில் வண்ணங்கள் தெரிவதும் ஏறக்குறைய இப்படித்தான்.

வயிற்றின் சிவப்பு வேறு வகை. அதற்குக் காரணம் கரோட்டினாய்டு நிறமி. பறவையின் உடலால் அதை முழுக்கத் தானாகவே தயாரிக்க முடியாது. மூலப்பொருள் உணவிலிருந்துதான் வர வேண்டும்.

அவகாடோவின் காட்டு உறவினங்களே குவெட்சாலுக்கு முக்கிய உணவு. பறந்தபடியே பழத்தைப் பறித்து, அப்படியே விழுங்கும். சதை செரித்ததும் பெரிய கொட்டையைக் கக்கிவிடும். தாய்மரத்தைவிட்டுத் தள்ளி விழும் கொட்டை அங்கே முளைக்கலாம். பழுக்கும் மரங்களைத் தேடி மலைச்சரிவில் மேலும் கீழும் இடம்பெயரும் பறவை இது. ஆகவே உச்சிக்காட்டை மட்டும் காத்தால் போதாது. சரிவுக்காடும் மிஞ்ச வேண்டும்.