ஆயிரம் குதிரைத்திறனில் 575 கிலோமீட்டர்

1940 ஏப்ரலில் ஜெர்மனி டென்மார்க்கையும் நார்வேயையும் தாக்கியபோது, நடுநிலை நாடான ஸ்வீடனிடம் தன் வானத்தைக் காக்கப் போதிய போர் விமானங்கள் இல்லை. கையில் பணம் இருந்தது, அமெரிக்காவிடம் ஆர்டரும் கொடுத்தாயிற்று. செவர்ஸ்கி நிறுவனத்திடம் கேட்ட 120 விமானங்களில் 60 வந்தன. மீதி 60-ஐ அமெரிக்க அரசு தன் படைக்கே எடுத்துக்கொண்டது. வல்ட்டி நிறுவனத்திடம் கேட்ட 144 விமானங்களும் ஏற்றுமதித் தடையில் சிக்கின. கிடைத்ததை வாங்குவோம் என்று இத்தாலியிடம் போனார்கள். வந்தவற்றில் ஒரு பகுதி, இரண்டடுக்கு இறக்கை கொண்ட, காலம் கடந்துபோன ஃபியட்கள்.

நாமே செய்யலாமென்றால், உள்நாட்டு விமான நிறுவனமான சாப் குண்டுவீச்சு விமானங்களில் மூழ்கியிருந்தது. நாட்டிலிருந்த அலுமினியமும் அங்கேதான் போனது. ஆகவே போ லுண்ட்பெரி என்ற பொறியாளரிடம் வந்து சேர்ந்த வேலை விசித்திரமானது: விமானத் தொழிற்சாலை இல்லாமல், அலுமினியத்தை நம்பாமல், ஒரு நவீன போர் விமானம் வேண்டும். அவர் வடிவமைத்த ஜே 22, 1942 செப்டம்பரில் முதன்முதலாகப் பறந்தது.

அதன் எஞ்சின் 1,065 குதிரைத்திறன். அன்றைய போர் விமானங்களுக்கு அது சாதாரணம். சில ஆண்டுகளில் இரண்டாயிரத்தைத் தொட்ட எஞ்சின்களும் வந்துவிட்டன. ஆனால் ஜே 22-இன் உச்ச வேகம் மணிக்கு 575 கிலோமீட்டர். இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

வேகம் கூடும்போது காற்றின் தடை வேகத்தின் இருமடியாக ஏறுகிறது. அந்தத் தடையைத் தள்ளிக்கொண்டு முன்னேறத் தேவைப்படும் திறனோ மும்மடியாக ஏறுகிறது. பத்து சதவீதம் கூடுதல் வேகம் வேண்டுமென்றால் 33 சதவீதம் கூடுதல் குதிரைத்திறன் வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் வைல்ட்கேட் விமானத்தில் இருந்ததும் இதே எஞ்சின் குடும்பம்தான், அதுவும் 1,200 குதிரைத்திறனோடு. அது எட்டியது ஏறக்குறைய 510 கிலோமீட்டர். விமானம் தாங்கிக் கப்பலில் இறங்க வேண்டிய முரட்டு விமானம் என்பதால் இந்த ஒப்பீட்டில் அதற்குக் கொஞ்சம் சலுகை தரத்தான் வேண்டும். இருந்தாலும், ஜே 22-இன் வேகத்தை அந்த உடலை வைத்துக்கொண்டு எட்ட அதற்குச் சுமார் 1,700 குதிரைத்திறன் தேவைப்பட்டிருக்கும்.

லுண்ட்பெரி எஞ்சினைப் பெரிதாக்க முடியாது. எனவே மற்ற எல்லாவற்றையும் சிறிதாக்கினார். இறக்கையின் பரப்பு 16 சதுர மீட்டர், வைல்ட்கேட்டுக்கு 24. நீளம் எட்டு மீட்டருக்கும் குறைவு. காலி எடை சுமார் இரண்டு டன். வட்ட வடிவ எஞ்சினுக்குப் பின்னால் உடல் உடனே ஒடுங்கத் தொடங்குகிறது. சக்கரங்களை அவர் வைத்த இடம்தான் என்னை மிகவும் கவர்வது. பல விமானங்களில் சக்கரங்கள் இறக்கைக்குள் மடங்கும். அதற்காக இறக்கையில் குழி வெட்ட வேண்டும், வெட்டிய இடத்துக்கு வலுவும் சேர்க்க வேண்டும், எடை கூடும். ஜே 22-இல் சக்கரக் கால்கள் பின்னோக்கி மடிந்து முழுவதுமாக வயிற்றுக்குள் போய்விடும். மெல்லிய இறக்கை வெட்டுப்படாமல் தப்பியது. அதற்கு விலையும் இருந்தது: இரு சக்கரங்களுக்கும் இடைவெளி குறைவாக இருந்ததால் தரையில் ஓடும்போது விமானி கவனமாக இருக்க வேண்டியிருந்தது.

உடலுக்குப் பொருள்? ஸ்வீடனில் தட்டுப்பாடில்லாத இரண்டு: எஃகும் மரமும். எஃகுக் குழாய்களைப் பற்றவைத்துக் கூடு கட்டி, அதன்மேல் பிர்ச் மரத்தின் ப்ளைவுட்டைப் போர்த்தினார்கள். எஃகுக் கூட்டின்மேல் துணி போர்த்திய விமானங்கள் அதற்கு முன்பே உண்டு. அங்கே துணி காற்றை மறைக்கும், சுமை முழுவதும் கூட்டின் தலையில்தான். இங்கே ப்ளைவுட்டும் சுமையில் பங்கெடுத்தது. மெல்லிய மரத்தாள்களை, நார் ஒன்றுக்கொன்று குறுக்கே ஓடும்படி அடுக்கி ஒட்டுவதால் ப்ளைவுட் எந்தப் பக்கம் இழுத்தாலும் தாங்குகிறது. ஆணித்தலைகள் துருத்தாத வழவழப்பான மேற்பரப்பு கூடுதல் லாபம்.

இந்தத் தேர்வின் பெரிய பயன் தொழிற்சாலையில்தான் தெரிந்தது. எஃகை வளைக்கவும் மரத்தை இழைக்கவும் தெரிந்த பட்டறைகள் நாடெங்கும் இருந்தன. 500-க்கும் மேற்பட்ட சிறு, பெரு நிறுவனங்களில் பாகங்கள் செய்யப்பட்டு, ஸ்டாக்ஹோம் அருகே புரொம்மா விமான நிலையத்தில் ஒன்றுசேர்க்கப்பட்டன. ஏறத்தாழ இருநூறு விமானங்கள் உருவாயின. என்னைக் கேட்டால், 575 கிலோமீட்டரைவிட இதுவே பெரிய சாதனை. விமானமே செய்தறியாத கைகளுக்கு ஏற்றபடி ஒரு போர் விமானத்தை வரைவது எளிதல்ல.

எஞ்சின் கதை இன்னும் துணிச்சலானது. ப்ராட் அண்ட் விட்னியின் ட்வின் வாஸ்ப் எஞ்சினுக்கு உரிமம் கிடைக்கவில்லை. ட்ரோல்ஹேத்தனில் இருந்த ஸ்வென்ஸ்கா ஃப்ளீக்மோட்டார் நிறுவனம் அதைப் பார்த்தே நகல் எடுத்தது. இரண்டு வரிசையில் 14 சிலிண்டர்கள், 30 லிட்டர் கொள்ளளவு. ஒரு பாகத்தின் நீளத்தையும் விட்டத்தையும் அளந்துவிடலாம். அது எந்த உலோகக் கலவை, எப்படிப் பதப்படுத்தப்பட்டது, எவ்வளவு பிசகினால் தாங்கும் என்பதெல்லாம் அளவுகோலில் தெரியாது. அதையெல்லாம் தாங்களே கண்டுபிடித்து ஓடவைத்தார்கள். உரிமத் தொகையைப் பிறகு செலுத்திவிட்டார்கள்.

அந்த எஞ்சினே ஜே 22-இன் எல்லையையும் வகுத்தது. உயரம் ஏற ஏறக் காற்று மெலியும். எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் சூப்பர்சார்ஜர் இல்லாவிட்டால் திறன் சரியும். ஜே 22-இன் எஞ்சினில் இருந்தது ஒற்றைக் கட்ட சூப்பர்சார்ஜர். பிற்பாடு ஸ்வீடன் அமெரிக்க மஸ்டாங் விமானங்களையும் வாங்கியது. அவற்றில் இரண்டு கட்ட சூப்பர்சார்ஜரும், ஜே 22-ஐவிட நானூறுக்கும் மேற்பட்ட குதிரைத்திறனும் கூடுதலாக இருந்தன. பயிற்சிச் சண்டைகளில் சுமார் 5,000 மீட்டர் உயரம் வரை ஜே 22 மஸ்டாங்குக்கு ஈடுகொடுத்தது. ஆறாயிரத்துக்கு மேல் அதனால் முடியவில்லை. 1952-இல் அது ஓய்வு பெற்றபோது, ஸ்வீடன் விமானப்படையில் ஜெட் விமானங்கள் வந்துவிட்டிருந்தன.